இளம் தாய்மார்களுக்குத் தோழியர் துணை: பாலியல், இனப்பெருக்க நலனுக்கான செயல்முறைக் கையேடு

குழந்தை பெற்ற இளம்பெண் ஒருவர் மருத்துவமனையில் கேட்கும் கேள்விகளும் அவர் மனத்தில் தேங்கிக் கிடக்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. குழந்தையின் எடை, தடுப்பூசி, பால் போதுகிறதா என்பவற்றை அவர் தயங்காமல் கேட்டுவிடுவார். தையல் போட்ட இடம் இன்னும் வலிக்கிறதே, துணைவர் நெருங்கினால் பயமாக இருக்கிறதே, இருமும்போது சிறுநீர் கசிகிறதே, மாதவிலக்கு வராமலேயே மறுபடியும் கரு நின்றுவிடுமோ என்னும் கேள்விகளோ, வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் நிற்க, வெளியே வரிசை காத்திருக்க, சில நிமிடங்களே கிடைக்கும் ஆலோசனையில் வாய்க்கு வருவதில்லை.

அவற்றைக் கேட்கத் துணியும் இடத்தை உருவாக்குவதே தோழியர் துணையின் நோக்கம். அண்மையில் அதே அனுபவத்தைக் கடந்துவந்த, ஏறத்தாழ அதே வயதுடைய, அடிப்படைப் பயிற்சி பெற்ற ஒரு தாய், புதிய தாய் ஒருவருக்குக் குறிப்பிட்ட காலம் வரை துணைநிற்பதையே இங்கே அவ்வாறு அழைக்கிறோம். துணைநிற்பவரைத் தோழி என்றும் துணை பெறுபவரை இளம் தாய் என்றும் குறிப்பிடுவோம். ஒரு மகளிர் குழுவோ, தொண்டு நிறுவனமோ, சுகாதார நிலையமோ, ஆர்வமுள்ள நான்கைந்து தாய்மார்களோ இத்தகைய ஏற்பாட்டைத் தொடங்க முற்படும்போது கவனிக்க வேண்டியவை கீழே விளக்கப்படுகின்றன.

தாய்க்குத் தாயே துணை என்னும் எண்ணம் புதியதன்று. 1956இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஏழு தாய்மார்கள் சேர்ந்து தொடங்கிய லா லேச்சே லீக், தாய்ப்பால் ஊட்டுவதில் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றது. 2001இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் தோன்றிய மதர்ஸ் டு மதர்ஸ் அமைப்பு, எச்ஐவி தொற்றுடன் வாழும் தாய்மார்களைப் பயிற்றுவித்து, அதே தொற்றுள்ள கர்ப்பிணிகளுக்கும் புதிய தாய்மார்களுக்கும் துணையாக நியமித்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு மிகுந்த 701 பெண்களிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், முன்பு அதே மனச்சோர்விலிருந்து மீண்ட தாய்மார்கள் தொலைபேசி வழியே துணைநின்றபோது, 12ஆவது வாரத்தில் மனச்சோர்வின் அறிகுறிகள் 14 விழுக்காட்டினரிடமே காணப்பட்டன. வழக்கமான பராமரிப்பை மட்டும் பெற்றவர்களிடம் அது 25 விழுக்காடாக இருந்தது. இந்த மூன்று முயற்சிகளிலும் தோழியின் பணி குறுகலாகவும் தெளிவாகவும் வரையறுக்கப்பட்டிருந்தது என்பதே, புதிதாகத் தொடங்குவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி.

எல்லையை எழுதிவைத்தல்

பாலியல் நலம் என்று வந்துவிட்டால் தோழியின் பணி எளிதில் விரிந்துவிடும். ஒரு மாதத்தில் அவர் ஆலோசகராகவும், அரை மருத்துவராகவும், குடும்பச் சண்டைக்கு நடுவராகவும், கடன் கொடுப்பவராகவும் மாறிவிடுவதைத் தடுக்க, எதைச் செய்வார், எதைச் செய்யமாட்டார் என்பதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, தோழிக்கும் இளம் தாய்க்கும் முதல் சந்திப்பிலேயே படித்துக்காட்ட வேண்டும். தோழி கேட்பார், சரிபார்க்கப்பட்ட தகவலைச் சொல்வார், மருத்துவமனைக்கு உடன்வருவார், எந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்க்க உதவுவார். நோய் இன்னதென்று அவர் சொல்லமாட்டார். மாத்திரை எடுத்துத் தரமாட்டார். தையலையோ மார்பையோ பார்த்துத் தீர்ப்புச் சொல்லமாட்டார். ஒரு கருத்தடை முறையை எடுத்துக்கொள்ளும்படியோ விட்டுவிடும்படியோ வற்புறுத்தமாட்டார்.

கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். இத்தனை பேரைக் காப்பர் டி போட அழைத்துவர வேண்டும் என்று தோழிகளுக்கு இலக்கு வைக்கும் திட்டம், பெயரில் மட்டுமே தோழியர் துணையாக இருக்கும். 1994இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை, மேம்பாட்டு மாநாட்டில் 179 நாடுகள் ஏற்றுக்கொண்ட செயல்திட்டம், எத்தனை பிள்ளைகள், எப்போது, எவ்வளவு இடைவெளியில் என்பதைத் தடையின்றியும் பொறுப்புடனும் தீர்மானிக்கும் உரிமை தம்பதியருக்கும் தனிமனிதருக்கும் உண்டு என்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தத் தேவையான தகவலும் துணிவும் இளம் தாய்க்குக் கிடைக்கச் செய்வதே தோழியின் வேலை.

தோழியைத் தேர்ந்தெடுத்தல்

நன்றாகப் பேசுபவரைத் தேடுவதைக் காட்டிலும் பேசாமல் இருக்கத் தெரிந்தவரைத் தேடுவது நல்லது. நேர்முகத்தில் ஒரு சிறு சோதனை போதுமானது: இளம் தாய் ஒருவரின் சிக்கலை விவரித்து, "இதற்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். உடனே அறிவுரை தொடங்குபவரைவிட, "அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு முதல்ல கேட்பேன்" என்று சொல்பவரே இப்பணிக்குப் பொருந்துவார். தம் பிரசவ அனுபவத்தைச் சொல்லும்போது கட்டுக்கடங்காமல் கலங்குபவரை நிராகரிக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கே முதலில் துணை தேவைப்படலாம் என்பதால் சிறிது காலம் கழித்து வரச்சொல்வது இருவருக்கும் நன்மை. கடைசிப் பிரசவம் முடிந்து ஓராண்டேனும் ஆகியிருப்பது விரும்பத்தக்கது.

வயது நெருக்கம் தேவைதான் எனினும், பதினெட்டு வயதுக்குட்பட்ட தாய்க்கு அதே வயதுத் தோழியைத் தனியே பொறுப்பாக்குவது முறையன்று; இருபதுகளில் உள்ளவர், தாமும் இளவயதில் தாயானவர் என்றால் பொருத்தமாக இருக்கும். உலகச் சுகாதார அமைப்பு 10 முதல் 19 வயது வரை உள்ளோரை வளரிளம் பருவத்தினர் என்று வகைப்படுத்துகிறது. இந்த வயதில் தாயாகும் பெண்களுக்கு, 20 முதல் 24 வயதுப் பெண்களைவிடப் பேறுகால வலிப்பு நோய்க்கும், பிரசவத்துக்குப் பிந்தைய கருப்பைத் தொற்றுக்கும் வாய்ப்புக் கூடுதல் என்றும் அது சுட்டிக்காட்டுகிறது. எனவே இவர்களுக்கான தோழி, அபாய அறிகுறிகளை மற்றவர்களைக் காட்டிலும் நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும்.

இளம் தாய்க்கு அவருடைய உறவினரையோ அடுத்த வீட்டுக்காரரையோ தோழியாக இணைக்காதீர்கள். பயணச் செலவையும் தொலைபேசிச் செலவையும் ஏற்பாட்டாளர்களே ஏற்க வேண்டும். தன்னார்வப் பணி என்பதற்காகத் தோழி தம் கைப்பணத்தைச் செலவிடும் நிலை வந்தால், வசதியுள்ள பெண்கள் மட்டுமே தோழிகளாக எஞ்சுவார்கள்.

தோழி கட்டாயம் அறிந்திருக்க வேண்டியவை

பயிற்சியை ஒரு செவிலியரோ மகப்பேறு மருத்துவரோ வழிநடத்துவது நல்லது. தோழிக்குத் தேவைப்படுவது, அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பிழையில்லாத விடை சொல்லும் அளவுக்கான அறிவு. அதை நான்கு பகுதிகளாகக் கொள்ளலாம்.

முதலாவது, பிரசவத்துக்குப் பிந்தைய உடல். உதிரப்போக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை படிப்படியாகக் குறைந்து, நிறம் வெளுத்து நிற்கும். சிறுநீர்க் கசிவு பரவலாகக் காணப்படுவது. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியால் பலருக்குச் சீராகும். ஆனால் "பெண் என்றால் அப்படித்தான்" என்று வாழ்நாள் முழுவதும் சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்றன்று. உலகச் சுகாதார அமைப்பின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, பிரசவத்துக்குப் பின் முதல் 24 மணி நேரப் பராமரிப்பைத் தவிர, 48 முதல் 72 மணி நேரத்துக்குள், 7 முதல் 14 நாட்களுக்குள், ஆறாவது வாரத்தில் எனக் குறைந்தது மூன்று முறை தாயும் சேயும் பரிசோதிக்கப்பட வேண்டும். குழந்தை நன்றாக இருப்பதால் ஆறாவது வாரப் பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சந்திப்பு தாய்க்கும் உரியது என்பதை நினைவூட்டுவது தோழியின் மிகப் பயனுள்ள பணிகளுள் ஒன்று.

இரண்டாவது, மீண்டும் உடலுறவு. எத்தனை நாள் கழித்து என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. உதிரப்போக்கு நின்றிருக்க வேண்டும், காயம் ஆறியிருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெண்ணுக்கு விருப்பம் இருக்க வேண்டும். தாய்ப்பால் ஊட்டும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவாக இருப்பதால் யோனி வறட்சியும் எரிச்சலும் ஏற்படுவது இயல்பு. நீர் அடிப்படையிலான மசகுக் களிம்பு உதவும். எண்ணெயையோ வாசலினையோ பயன்படுத்தினால் லேடெக்ஸ் ஆணுறை கிழிந்துவிடக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விருப்பம் இல்லாதிருப்பது தூக்கமின்மையாலும் வலியாலும் பயத்தாலும் நேரலாம். அதை நோயாகவோ துணைவர் மீதான வெறுப்பாகவோ தோழி விளக்கத் தொடங்கக் கூடாது. பல வாரங்களுக்குப் பின்னும் வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுவதே சரி.

மூன்றாவது, கருத்தரிப்பும் கருத்தடையும். இப்பகுதியில்தான் தவறான நம்பிக்கைகள் மிகுதி என்பதால் இதற்கே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். மாதவிலக்கு திரும்பும் முன்பே கருமுட்டை வெளிப்படக்கூடும்; ஆகவே மாதவிலக்கு வரவில்லை என்பதைப் பாதுகாப்பாகக் கொள்ள முடியாது. தாய்ப்பால் கொடுக்காத பெண்களுக்குப் பிரசவமாகி மூன்று வாரங்கள் கடந்ததிலிருந்தே கருத்தடை தேவைப்படுகிறது. தாய்ப்பால் ஊட்டுவது கருத்தடையாகப் பயன்படும் என்பது உண்மைதான். ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் நீண்ட இடைவெளியின்றித் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்பட வேண்டும் என்னும் மூன்று நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறினால்தான் அது 98 விழுக்காட்டளவு பயன் தரும். மூன்றில் ஒன்று தவறினாலும் அன்றே வேறு முறை தேவை. இரவில் புட்டிப்பால் கொடுக்கத் தொடங்கிய தாய், தம் பாதுகாப்பு குறைந்துவிட்டதை அறியாமலே இருப்பது அடிக்கடி நேர்வது.

இந்தக் காலத்துக்கான முறைகளைத் தோழி கீழ்க்காணும் அளவில் அறிந்திருந்தால் போதும். காப்பர் டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் பொருத்தலாம். அது தவறினால் நான்கு வாரம் கழித்துப் பொருத்துவதே வழக்கம். கையின் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியைத் தாய்ப்பால் ஊட்டுவோரும் பிரசவத்துக்குப் பின் விரைவிலேயே வைத்துக்கொள்ளலாம். உதிரப்போக்கின் ஒழுங்கு மாறக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்தவர்கள் அதைக் கண்டு அஞ்சுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைத் தாய்ப்பால் ஊட்டுவோர் பொதுவாக ஆறு வாரத்துக்குப் பின் தொடங்குகிறார்கள். நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம். ஈஸ்ட்ரஜன் கலந்த கூட்டு மாத்திரைகள், இரத்த உறைவு அபாயம் காரணமாகப் பிரசவத்தை அடுத்த வாரங்களில் தவிர்க்கப்படுகின்றன. தாய்ப்பால் ஊட்டுவோருக்கு ஆறு மாதம் வரை வேறு முறைகளே முதலில் கருதப்படுகின்றன. புரோஜெஸ்டின் என்னும் மற்றொரு ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரைக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும் என்பது, இரவு பகல் தெரியாத புதுத் தாய்க்கு எளிதன்று.

எண்களைச் சொல்லும்போது நேர்மையாகச் சொல்லுங்கள். வழக்கமான பயன்பாட்டில், ஓராண்டுக் காலத்தில் ஆணுறையை நம்பியிருப்போரில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேரும், மாத்திரை எடுப்போரில் நூற்றுக்கு 7 பேரும், ஊசி போடுவோரில் நூற்றுக்கு 4 பேரும் கருத்தரிக்கிறார்கள். காப்பர் டியிலும் கருத்தடைக் குச்சியிலும் இது ஒருவருக்கும் குறைவு. விந்து வெளிவரும் முன் விலகிக்கொள்ளும் முறையில் ஏறக்குறைய 20 பேர். அதே வேளையில், பாலியல் தொற்றுகளைத் தடுப்பதில் ஆணுறையே உதவும், மற்றவை உதவா என்பதையும், கிளமிடியா போன்ற தொற்றுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் தகவல் முழுமையடையும். அவசரக் கருத்தடை மாத்திரையை ஐந்து நாட்களுக்குள் எடுக்கலாம். எவ்வளவு விரைவாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஏற்கெனவே நின்றுவிட்ட கருவை அது கலைக்காது. இம்மாத்திரைகளுள் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் வகையைத் தாய்ப்பால் ஊட்டுவோரும் எடுத்துக்கொள்ளலாம். யூலிப்ரிஸ்டல் என்னும் வகை என்றால் பால் கொடுப்பது பற்றி மருந்தாளரிடம் கேட்டுவிட வேண்டும்.

அடுத்த கருத்தரிப்பைப் பொறுத்தவரை, ஒரு குழந்தை பிறந்ததிலிருந்து அடுத்த முறை கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்றும், கருச்சிதைவுக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் என்றும் உலகச் சுகாதார அமைப்பு 2005இல் கூட்டிய வல்லுநர் குழு பரிந்துரைத்தது. இந்த எண்ணை, ஏற்கெனவே கருத்தரித்துவிட்ட தாயிடம் எடுத்து நீட்டுவதில் பயனில்லை. அப்போது அவருக்குத் தேவை, விரைவான மருத்துவச் சந்திப்பும் குற்றம் சாட்டாத ஒரு குரலும்.

நான்காவது, மனநிலை. பிரசவமான முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு நேர்வது. இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அதற்கு மேல் நீடித்தாலோ நாளுக்கு நாள் கனத்தாலோ அது மனச்சோர்வாக இருக்கலாம். உலக அளவில் பத்துத் தாய்மாரில் ஒருவருக்கு மேல் இதற்கு ஆளாகிறார்கள். மனச்சோர்வின் அறிகுறிகளை அறிவதற்காக எடின்பரோவில் உருவாக்கப்பட்டு 1987இல் வெளியான பத்துக் கேள்விப் பட்டியல் பல சுகாதார நிலையங்களில் பயன்படுகிறது. தோழி அதைப் படித்துக்காட்டி நிரப்ப உதவலாம். மதிப்பெண்ணுக்குப் பொருள் சொல்வது பயிற்சி பெற்றவரின் வேலை. தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு "இல்லவே இல்லை" என்பதைத் தவிர வேறு விடை வந்தால், மற்ற மதிப்பெண் எதுவாக இருந்தாலும் அன்றே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

பேசும் முறை

முதல் சந்திப்பில் பாலியல் பற்றித் தொடங்காதீர்கள். ஆனால் அதைப் பற்றிப் பேசலாம் என்பதை முதல் சந்திப்பிலேயே தெரிவித்துவிடுங்கள். "தையல், வலி, குடும்பக் கட்டுப்பாடு, வீட்டுக்காரரோட இருக்கிறது, எதுவானாலும் என்கிட்ட கேட்கலாம், இப்பவே கேட்கணும்னு இல்ல" என்ற ஒரு வாக்கியம் போதும். கேள்வி பெரும்பாலும் விடைபெறும் நேரத்தில், செருப்பை மாட்டும்போது, "அக்கா, ஒண்ணு கேட்கணும், என் தோழி ஒருத்திக்கு..." என்று வரும். அந்தத் தோழி யார் என்று துருவாமல், "அவங்களுக்கு" என்றே விடை சொல்லிச் செல்வது பண்பு.

தகவல் சொல்லுமுன் மூன்று படிகளைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்: அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது, சொல்லலாமா என்று அனுமதி பெறுவது, சொன்னபின் அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று கேட்பது. "காப்பர் டி பத்தி நீங்க என்ன கேள்விப்பட்டிருக்கீங்க?" என்று தொடங்கினால், அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்றோ மலட்டுத்தன்மை வரும் என்றோ அவர் கேட்ட வதந்தி முதலில் வெளியே வரும், அதைத் திருத்தாமல் மேற்கொண்டு எத்தனை உண்மைகளைச் சொன்னாலும் அவை உள்ளே செல்லா.

தோழியின் சொந்த அனுபவம் இந்த உறவின் பலம். அதுவே அதன் பெரிய ஆபத்தும்கூட. தமக்கு ஊசியால் எடை கூடியது என்று தோழி சொன்னால், அந்த ஒரு வாக்கியம் செவிலியரின் அரைமணி நேர விளக்கத்தை அழித்துவிடும். எனவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பயம், தயக்கம், வெட்கம் ஆகியவற்றைப் பற்றிய சொந்த அனுபவத்தைச் சொல்லலாம், மருந்து அல்லது முறை தமக்கு ஒத்துக்கொண்டதா என்பதைச் சொல்லக் கூடாது. "டாக்டர்கிட்ட கேட்க எனக்கும் கூச்சமா இருந்துச்சு, ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்துட்டேன்" என்பது உதவும் அனுபவம். எந்த முறையைத் தெரிவு செய்வது என்று சொல்லும்படி இளம் தாய் வற்புறுத்தினால், "உங்களுக்கு எது முக்கியம்? மறக்காம இருக்கணுமா, வீட்ல யாருக்கும் தெரியக் கூடாதா, சீக்கிரம் இன்னொரு குழந்தை வேணுமா?" என்று கேட்டு, அந்த விடைகளுடன் அவரைச் செவிலியரிடம் அனுப்புங்கள்.

தனிச் சந்திப்பா, குழுக் கூட்டமா என்பதில் குழப்பம் தேவையில்லை. தாய்ப்பால், தூக்கம், உடற்பயிற்சி போன்றவை குழுவில் சிறக்கும். உடலுறவு, கருத்தடை, வன்முறை தனியே பேசப்பட வேண்டியவை. குழுவில் பாலியல் நலம் பேசப்பட்டே ஆகவேண்டும் என்றால், பெயர் எழுதாத சீட்டுகளில் கேள்விகளை வாங்கிப் படிப்பது நல்ல உத்தி. எல்லோரும் ஏதேனும் ஒன்றை எழுதிப் போட வேண்டும் என்று வைத்தால் எழுதியவர் யாரென்று தெரியாது.

இரகசியமும் அதன் எல்லையும்

இளம் தாய் சொன்னதை அவர் அனுமதியின்றித் துணைவரிடமோ, தாயிடமோ, ஏற்பாட்டாளரின் நண்பரிடமோ சொல்லக் கூடாது என்பது பொது விதி. ஆனால் "எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று முழு வாக்குறுதி கொடுப்பது தவறு. அவருக்கோ குழந்தைக்கோ உயிராபத்து இருந்தால் சொல்ல நேரிடும். வயது குறைந்த பெண் தொடர்பான பாலியல் குற்றங்களை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பல நாடுகளின் சட்டங்கள் கூறுகின்றன. உங்கள் இடத்தின் சட்டம் தோழியை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே பணியைத் தொடங்குங்கள். அந்த எல்லையை, இளம் தாய் வாய் திறக்குமுன் சொல்லிவிடுவதே நேர்மை. சொன்னபின் எல்லையை விளக்குவது அவருக்குத் துரோகமாகவே தோன்றும்.

தொலைபேசியில்தான் இரகசியம் அதிகம் கசிகிறது. எந்த நேரத்தில் அழைக்கலாம், கைபேசியை வேறு யாரேனும் பார்ப்பார்களா, வேறொருவர் எடுத்தால் தோழி தம்மை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பவற்றை முன்பே பேசிவையுங்கள். வாட்ஸ்அப் குழுவுக்குக் கருத்தடை, பாலியல் போன்ற சொற்கள் இல்லாத பெயரையே வையுங்கள். திரையில் தானாகத் தெரியும் முதல் வரியில் விவரம் எதையும் எழுதாதீர்கள். வண்ணப் படங்களுடன் அச்சிட்ட கையேடுகளை ஏற்பாட்டாளர்கள் பெரிதும் விரும்புகிறார்கள். ஆனால் கைப்பையில் இருக்கும் ஒரு கருத்தடைக் கையேடு சில வீடுகளில் அடி வாங்கித் தரும் பொருளாகிவிடும். வேண்டுமா என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.

குறிப்பேட்டில் பெயருக்குப் பதில் எண், சந்தித்த தேதி, பேசிய பொருளின் பொதுத் தலைப்பு, அனுப்பிவைத்த இடம் ஆகியவை போதும். யாரோடு உறவு, எந்தத் தொற்று, என்ன முடிவு என்பவற்றை எழுதாதீர்கள்.

கட்டாயமும் வன்முறையும்

விருப்பமில்லாத உடலுறவு, மாத்திரையை ஒளித்துவைத்தல், ஆணுறையை மறுத்தல், காப்பர் டியை எடுத்துவிடும்படி மிரட்டுதல் ஆகியவை எல்லாம் வன்முறையே. இளம் தாய் இவற்றைப் பெரும்பாலும் அந்தச் சொல்லால் குறிப்பிடமாட்டார். "அவருக்குப் பிடிக்காது", "கோபம் வந்துடும்" என்பார். தனிமையில் இருக்கும்போது மட்டும், "வீட்ல யாரையாவது பார்த்தா உங்களுக்குப் பயமா இருக்கா?" என்று கேட்கலாம். ஆம் என்று சொன்னால் நம்புங்கள். ஏன் பொறுத்துக்கொண்டீர்கள் என்று கேட்காதீர்கள். துணைவரிடம் நீங்கள் சென்று பேசுவதாகச் சொல்லவே சொல்லாதீர்கள். வீட்டை விட்டு வெளியேறும்படி அவசரப்படுத்துவதும் ஆபத்தானது, ஏனெனில் வெளியேற முயலும் காலத்தில்தான் வன்முறை கடுமையாகக்கூடும். அவசரத்தில் யாரை அழைப்பது, அடையாள ஆவணங்களையும் கொஞ்சம் பணத்தையும் எங்கே வைப்பது என்று அவரே திட்டமிட உதவுங்கள்.

பாலியல் வன்முறை நேர்ந்திருந்தால் காலம் முக்கியம்: எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடைக்கு ஐந்து நாள் வரை இடமுண்டு. காவல் துறையில் புகார் கொடுப்பதா என்பதை அவர் பின்னர்த் தீர்மானிக்கலாம். மருத்துவ உதவியை ஒத்திப்போட முடியாது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றுள் எது தெரிந்தாலும் தோழி வேறெதையும் பேசாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். முடிந்தால் உடன்செல்ல வேண்டும்.

ஒரு மணி நேரத்திலோ அதற்குள்ளோ ஒரு நாப்கின் முழுதும் நனையும் உதிரப்போக்கு, அல்லது பெரிய கட்டிகள்.
38 டிகிரி செல்சியசும் அதற்கு மேலும் காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, அடிவயிற்றுக் கடும் வலி.
தீராத தலைவலி, கண் மங்குதல், வலிப்பு. பேறுகால இரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பின்னும், ஆறு வாரம் வரைகூடத் தலைகாட்டக்கூடும்.
ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்.
தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம், இல்லாத குரல்கள் கேட்பது, பல நாள் உறக்கமின்றிப் படபடப்பாகத் திரிவது. இது ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கே நேரும் மனநோயாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூட அவரைத் தனியே விடக் கூடாது.

அனுப்பிவைப்பதற்கு ஓர் இடம் இருந்தால்தான் இவை எல்லாம் பொருள்படும். தொடங்குமுன் ஏற்பாட்டாளர் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு நேரில் சென்று, எந்த நாளில் எந்தச் செவிலியரைப் பார்க்கலாம், திருமணமாகாத தாயை ஏசாமல் ஏற்பார்களா, எந்தக் கருத்தடை முறைகள் உண்மையில் கையிருப்பில் உள்ளன, எவ்வளவு கட்டணம் என்று கேட்டு அறிய வேண்டும். சுவரொட்டியில் இருப்பதும் அலமாரியில் இருப்பதும் வேறுபடலாம். தோழியை நம்பிச் சென்ற இளம் தாய் அங்கே அவமானப்பட்டுத் திரும்பினால், அவர் மறுபடி தோழியிடமும் வரமாட்டார்.

தோழிக்கும் துணை வேண்டும்

ஒரு தோழிக்கு ஒரே நேரத்தில் மூன்று அல்லது நான்கு இளம் தாய்மாருக்கு மேல் ஒப்படைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அனுபவமுள்ள ஒருவர் தோழிகளைச் சேர்த்துவைத்து, பெயர் சொல்லாமல் தாம் சந்தித்த சிக்கல்களைப் பேசச்செய்ய வேண்டும். குழந்தையை இழந்த தாயையோ, தம் வாழ்வில் நேர்ந்த வன்முறையை நினைவூட்டும் பெண்ணையோ சந்தித்த தோழிக்குத் தனியே நேரம் ஒதுக்கி, விரும்பினால் அந்தப் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றித்தரவும் வழி இருக்க வேண்டும். தெரியாத கேள்விக்கு "கேட்டுச் சொல்கிறேன்" என்று சொன்ன தோழியை இக்கூட்டத்தில் பாராட்டுங்கள். அந்த ஒரு பழக்கம் பரவினாலே தவறான தகவல் பாதி குறைந்துவிடும்.

ஏற்பாடு பயனளிக்கிறதா என்பதை அறிய, எத்தனை பேர் கருத்தடை ஏற்றார்கள் என்று எண்ணாமல், எத்தனை பேர் ஆறாவது வாரப் பரிசோதனைக்குச் சென்றார்கள், தாம் கேட்க நினைத்ததைக் கேட்க முடிந்ததா, வற்புறுத்தப்பட்டதாக உணர்ந்தார்களா என்று வேறொருவர் வழியாகக் கேளுங்கள்.

துணை எப்போது முடியும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஆறு மாதமோ ஓராண்டோ, எதுவானாலும் தேதி தெரிந்திருக்கட்டும். கடைசிச் சந்திப்புக்கு முன் ஒரு சந்திப்பில் அதை நினைவூட்டுங்கள். கடைசிச் சந்திப்பில், அடுத்த ஊசி எந்த நாள், காப்பர் டியை எங்கே பரிசோதிப்பது, மனம் கனத்தால் யாரை அழைப்பது என்பவற்றை இளம் தாய் தாமே சொல்லக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அவர் எண்ணுக்குரிய குறிப்புகளை அவர் முன்னிலையிலேயே கிழித்துவிடலாம். பிற்காலத்தில் தாமும் தோழியாக விருப்பமா என்று அன்றே கேட்காதீர்கள்; நன்றிக்கடனாக "சரி" என்பார். சில மாதம் கழித்து ஏற்பாட்டாளர் அழைத்துக் கேட்கும்போது வரும் விடையையே கணக்கில் கொள்ளலாம்.